காதுக்குக் கற்பு இல்லை

வயது ஏற ஏற நமக்குப் பிடித்த பாட்டுக்காரர்கள் மாறிவிடுகிறார்கள். பதினைந்து வயதில் யாருடைய குரலுக்காக உயிரை விட்டோமோ, அவருடைய பாட்டு நாற்பதில் பக்கத்து வீட்டில் ஒலித்தால் சன்னலைக்கூடத் திறப்பதில்லை. அன்றைக்குப் பெயரே தெரியாத ஓர் இசைக்குழு இன்றைக்கு நாள் முழுக்கக் காதுக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் நடப்பதுதான் இது. ஆனால் இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பெண்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "போன வருஷம் வரைக்கும் அவர் பாட்டுதானே கேட்டுக்கிட்டிருந்தே, இப்ப என்ன புதுசா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பாதி விளையாட்டு, பாதி சந்தேகம். ஆணின் ரசனை மாறினால் அவன் வளர்ந்துவிட்டான் என்பார்கள். பெண்ணின் ரசனை மாறினால் அவளுக்கு நிலையான புத்தி இல்லை என்பார்கள்.

இதையொட்டி இரண்டு கேள்விகள் எனக்கு வெகுநாட்களாக இருக்கின்றன. முன்பு நேசித்த இசைக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இத்தனை முறை மாறிய பிறகும் 'என் ரசனை' என்று சொல்கிறோமே, அது யாருடையது?

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இருபது வயதில் ஒருவனுக்கு ஓவிட் பிடிக்கலாம், நாற்பதில் ஹோரஸ், ஐம்பதில் டாசிட்டஸ் என்கிறார் அதில். நண்பர்களைத் தேர்ந்தெடுப்பதுபோலத்தான் எழுத்தாளர்களையும் தேர்ந்தெடுக்கிறோம், மனப்போக்கு ஒத்துப்போகிறவர்களிடம் நெருங்குகிறோம், இதில் குற்றம் காண ஏதுமில்லை என்பது அவர் கருத்து. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது ஓர் இடறல். ஹியூம் காட்டும் அந்த மனிதனுக்கு வயது மட்டும்தான் மாறுகிறது. அவனுடைய நாற்காலி மாறவில்லை, வீடு மாறவில்லை. அலமாரியில் மூன்று ஆசிரியர்களும் எப்போதும் இருக்கிறார்கள். கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காதே என்று சொல்ல யாரும் இல்லை.

என்னைப் போன்ற பெண்களின் ரசனை வரலாற்றை இப்படி வயதை மட்டும் வைத்து எழுத முடியாது. எந்த வயதில் எந்த வீட்டில் இருந்தோம், அங்கே ரேடியோவின் திருகு யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

*

எங்கள் வீட்டில் ரேடியோ அப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதாவது, எனக்கும் அம்மாவுக்கும் எட்டாத உயரத்தில். நான் வளர்ந்தது தென்கோடி மாவட்டம் ஒன்றில். சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி அங்கே தெளிவாகக் கேட்கும். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் தமிழ் அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வரும். ஒரு பெண் ஊருக்கெல்லாம் கேட்கப் பேசலாம், யாரும் 'மெதுவாப் பேசு' என்று அவளை அடக்கமாட்டார்கள் என்பதை நான் அறிந்துகொண்டது அந்தக் குரலில்தான்.

ஆனால் முழுப் பாட்டு கேட்ட நினைவு மிகக் குறைவு. பல்லவி வரும்போது யாராவது தண்ணீர் கேட்பார்கள். முதல் சரணத்தில் அடுப்பில் தாளிப்புச் சத்தம். இரண்டாம் சரணத்தில் கிரைண்டர். ஆண்கள் பாட்டுக் கேட்டார்கள். பெண்களின் காதில் பாட்டு விழுந்தது. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. உட்கார்ந்து, வேறெதுவும் செய்யாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகக் கேட்கும் பெண்ணை எங்கள் தெரு அறிந்ததில்லை. அப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டையும் பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். நான் பட்டியல் எழுதுவேன், அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பான். போகும் வழியில் இரண்டு பாட்டுகள் அடிபட்டு வேறு இரண்டு பாட்டுகள் ஏறியிருக்கும். கேசட்டின் மேல் அவன் பெயரை எழுதி வாங்கி வருவான். வயதுக்கு வந்தபோது சடங்குக்கு மைக் செட் கட்டினார்கள். மூன்று நாளும் புனல் குழாயில் பாட்டு அலறியது. எனக்காக நடந்த விழாவில் என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தவர் மைக் செட்காரர். நான் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போனபோது டவுன் பஸ் டிரைவருக்குப் பிடித்தது எனக்குப் போகவர ஒரு மணி நேரம் பிடித்தது.

இந்த நிலையில் என் முதல் விருப்பம் இளையராஜா என்று சொன்னால் அது தேர்வா? 'அன்னக்கிளி' வந்தது 1976இல். நான் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. ஊரின் காற்றே அவர் இசையாக இருந்தது. டீக்கடை, கல்யாண வீடு, சலூன் எங்கும் அவர்தான். நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்குள் பிறந்தேன். அதனால் அந்த நேசம் பொய்யாகிவிடாது. தமிழையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதில்தான் எழுதுகிறேன், அதைத்தான் கற்பிக்கிறேன், கோபம் வந்தால் அதில்தான் வருகிறது. தேர்ந்தெடுக்காததாலேயே ஒன்று என்னுடையது ஆகாமல் போவதில்லை. ஆனால் எது எனக்குக் கொடுக்கப்பட்டது, எதை நானாகப் போய் எடுத்தேன் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது வேறு விஷயம். விடுதலை என்ற சொல்லின் ஒரு சிறு பகுதி அதற்குள் இருக்கிறது.

*

1992இல் 'ரோஜா' வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அடுத்த சில வருடங்கள் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டாகப் பிரிந்துகிடந்தார்கள். ராஜாவா, ரஹ்மானா? டீக்கடை பெஞ்சில் நடந்த அந்த விவாதத்தில் இசை பற்றிய பேச்சு கொஞ்சம்தான், விசுவாசம் பற்றிய பேச்சே அதிகம். 'கட்சி மாறிட்டான்' என்று ஒருவனை மற்றவர்கள் கேலி செய்தார்கள். பெண்களுக்கு அந்தக் கட்சிகளில் இடமில்லை. ரசிகர் மன்றப் பலகைகளில் ஒரு பெண் பெயரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பில் ஒருத்தி 'இப்ப எனக்கு ரஹ்மான் பிடிக்குது' என்று சொன்னபோது பையன்களிடமிருந்து வந்த பதில் வேறு மாதிரி இருந்தது: "பொண்ணுங்களே இப்படித்தான், புதுசா ஒருத்தன் வந்தா போயிருவாங்க." பையன் மாறினால் கட்சி மாறியவன். பெண் மாறினால் அது அவள் ஒழுக்கம்.

பெண் பாடுவதையும் கேட்பதையும் கற்போடு முடிச்சுப்போடும் இந்தப் பழக்கம் நம்மிடம் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை முதுகலை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைப் பண்ணமைத்துக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் போலும் என்று மாதவி நினைக்கிறாள். யாழை வாங்கி, தன் மனத்திலும் வேறு குறிப்பு இருப்பதுபோலப் பாடுகிறாள். இருவரும் செய்தது ஒன்றுதான். ஆனால் கோவலன் பாட்டுக்கு மாதவியின் பதில் இன்னொரு பாட்டு. மாதவியின் பாட்டுக்குக் கோவலனின் பதில், எழுந்து போய்விடுவது. இளங்கோ பழியை ஊழின் மேல் வைத்துவிடுகிறார். என் மாணவியர் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. ஐந்து வயதிலிருந்து ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறியவள் அவள். அத்தனை பயிற்சி உள்ள ஒருத்தி கற்பனையாக ஒரு பாட்டுப் பாடக் கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். பாட்டை வாக்குமூலமாக எடுத்துக்கொண்ட ஒருவனால்தான் அந்தக் காப்பியமே நகர்கிறது.

ராஜா, ரஹ்மான் சண்டைக்கு நடுவில் நான் வேறொரு வாசல் வழியாக வெளியே வந்தேன். 'சத்ரியன்', 'சின்னத்தம்பி', 'தளபதி' ஆகிய படங்களில் இளையராஜா இசையில் பாடிய ஸ்வர்ணலதாதான், 1994இல் வந்த 'கருத்தம்மா'வில் ரஹ்மான் இசையில் பாடித் தேசிய விருது பெற்றார். பெண் சிசுக்கொலை பற்றிய படம் அது. எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தை யாரும் கதையாகப் பார்க்கவில்லை. இரண்டு கட்சிகள் என்று ஊர் சொன்னதற்குள் ஒரே பெண்ணின் தொண்டை இருந்தது. அதைக் கவனித்த நாளிலிருந்து பாட்டை இசையமைப்பாளர் பெயரில் கணக்கு வைப்பதை விட்டு, பாடியவர் பெயரில் வைக்கத் தொடங்கினேன். எனக்குப் பிடித்தவர்களின் பட்டியல் ஒரே வாரத்தில் தலைகீழானது. பாட்டுகள் எல்லாம் அதே பாட்டுகள்தான். ஆண்கள் பெயர்களாக இருந்த பட்டியல் பெண்கள் பெயர்களால் நிறைந்துவிட்டது.

எல்.ஆர். ஈஸ்வரியை நான் கேட்டது அப்படித்தான். ஆடி மாதம் முழுக்க அவர் குரலில்தான் எங்கள் ஊர் அம்மன் கோயில் விடியும். அந்தக் குரலைக் கேட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கிளப் நடனப் பாட்டில் அதே குரல் வந்தால் ரேடியோவைக் குறைப்பார்கள். ஒரே பெண், ஒரே நாபியிலிருந்து எழும் மூச்சு. ஊர் அதை இரண்டாக அறுத்து, ஒரு பாதிக்குக் கற்பூரம் காட்டியது, மறுபாதியை மறைத்து வைத்தது. அந்த இரண்டையும் நான் சேர்த்துக் கேட்கத் தொடங்கியது ஆராய்ச்சி மாணவியாக விடுதியில் இருந்தபோது, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு வாக்மேனில். அந்தக் கருவியில் திருகு என் கையில் இருந்தது.

*

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலொன்றில் ரசனையை வர்க்கத்தின் முத்திரையாக விளக்கினார். இது பிடிக்கும் என்று சொல்வதைவிட இது பிடிக்காது என்று சொல்வதில்தான் மனிதர்கள் தங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் ஊரில் வர்க்கம் என்ற சொல்லோடு சாதி என்ற சொல்லையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எங்கள் தெருவில் பறை கேட்டது சாவுக்கு மட்டும். அந்தச் சத்தம் நெருங்கும்போது குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். 'அதெல்லாம் நம்ம கேட்கிறதில்ல' என்ற வாக்கியத்தில் 'நம்ம' என்பது யார் என்று சின்ன வயதிலேயே எல்லோருக்கும் தெரியும். குடும்ப மானத்தைப் பெண்ணின் உடம்பில் வைத்துக் காப்பதுபோல், சாதியின் காதையும் பெண்ணிடம்தான் கொடுத்து வைக்கிறார்கள். அவள் எதைக் கேட்டுத் தாலாட்டுவாளோ அதைக் கேட்டுத்தானே பிள்ளை வளரும்?

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். கோட்டு சூட்டு அணிந்து வரிசையாக நின்ற அத்தனை பேர் நடுவில் ஒரே ஒரு பெண், இசைவாணி. வடசென்னைச் சாவு வீடுகளில் இரவு முழுக்கப் பாடப்படும் கானா, ஆண்களின் பாட்டாக இருந்து வந்தது. அதைப் பாட ஒரு பெண் மேடையேறினாள். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அந்தக் குழுவின் பாட்டுகளை நான் கேட்டபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. முனைவர் பட்டம் பெற்ற தமிழ்ப் பேராசிரியர். பாணரையும் விறலியரையும் ஆற்றுப்படை நூல்களில் படித்து, பத்துப்பாட்டில் கேள்வி எடுத்துத் தேர்வு நடத்தியவள். ஊர் ஊராகக் குழுவாய்ச் சென்று பறையும் யாழும் இசைத்தவர்கள் பற்றி இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டம் எனக்கு இருந்தது. இன்றைக்கு அதைச் செய்கிறவர்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. என் காதுக்கு அதுவரை அந்த இசை வந்து சேராததற்கு வயது காரணமில்லை. நடுவில் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவைக் கடக்க எனக்குச் சம்பளமும், தனியாக ஓர் அறையும், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் வெளியே போகும் உரிமையும் தேவைப்பட்டன.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைப் படிக்கட்டாகச் சொல்வது எளிது: சினிமாப் பாட்டில் தொடங்கி, பெண் குரல்களுக்கு வந்து, கடைசியில் அரசியல் இசையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று. அப்படிச் சொன்னால் கீழ்ப்படியில் நிற்கும் ஒருத்தியைப் பார்த்து நான் சிரிக்கத் தொடங்கிவிடுவேன். முற்போக்கு ரசனையும் நகைபோலக் கழுத்தில் தொங்கக்கூடியதுதான். சாதியற்ற இசையைக் கேட்பதே ஒரு புதுச் சாதியின் அடையாளமாகிவிட்டால் பூர்தியூ சொன்னது மறுபடியும் பலித்துவிடும். டவுன் பஸ்ஸில் கேட்ட பாட்டில் நான் பெற்றது வேறு, இதில் பெறுவது வேறு. முன்னது பின்னதற்கு முன்தயாரிப்பு இல்லை. அது அப்போது முழுதாக இருந்தது.

*

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பிறகு வந்து கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டுல பொண்ணுங்களைத் திட்டியிருக்குன்னு தெரியுது. ஆனா ட்யூன் வந்தா காலு தானா ஆடுது. நான் பெண்ணியவாதி இல்லையா?"

அவள் சொன்னது காதலில் தோற்ற ஆணின் புலம்பல் பாட்டு ஒன்றை. 2011இல் கொலவெறிப் பாட்டு உலகம் சுற்றி வந்தபோது அந்த வகைக்கு 'சூப் சாங்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனை வேண்டாம் என்று சொன்ன பெண் அந்தப் பாட்டுகளில் ஏமாற்றுக்காரி. ஒருதலைக் காதலை மறுத்ததற்காகப் பெண்கள் தாக்கப்படும் நாட்டில் இது வெறும் நகைச்சுவை இல்லை. பிறகு 2018 அக்டோபரில் பாடகி சின்மயி உள்ளிட்ட சில பெண்கள் திரையிசை உலகில் தங்களுக்கு நேர்ந்ததாகச் சிலவற்றை வெளிப்படையாகச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். அந்த மாதம் முழுக்க, எந்தப் பாட்டை இனிமேல் கேட்பது என்று என் தோழிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வரிகள் அவை. மறந்துவிடு என்றால் எப்படி மறப்பது?

நான் வந்தடைந்த இடம் இது. விரும்புவது ஒன்று, மதிப்புக் கொடுப்பது இன்னொன்று. விருப்பம் என் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. தொல்காப்பியம் நகை, அழுகை, உவகை முதலான எட்டையும் மெய்ப்பாடு என்கிறது. மெய்யில் தோன்றுவது. காய் நறுக்கும்போது வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தால் அது மெய்யில் பட்டுப்போனது. அதற்கு நான் குற்றவாளி ஆகமாட்டேன். குடும்பம் என்னிடம் 'பழசையே பிடித்துக்கொண்டிரு' என்று கேட்க முடியாததுபோல், இயக்கமும் என்னிடம் 'உடனே வெறுத்துவிடு' என்று கேட்க முடியாது. காதுக்குக் கற்பு இல்லை. யாருக்கும் அதை ஒப்படைக்க வேண்டியதில்லை.

ஆனால் கைக்குப் பொறுப்பு இருக்கிறது. எந்தப் பாட்டைச் சத்தமாக வைத்து மற்றவர்களைக் கேட்கச் செய்கிறேன், யார் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறேன், கல்லூரி விழாவுக்கு யாரை அழைக்கச் சொல்கிறேன், எந்தப் பாடலைப் பாடமாக வைக்கிறேன் என்பவை செயல்கள். அவற்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதே பாட்டைக் கேட்டுக் காயப்படுகிறவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அந்த மாணவியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "காலு ஆடட்டும். ஆண்டுவிழா மேடையில எதுக்கு ஆடணும்னு மட்டும் யோசி" என்றேன். அவள் முழுதாக ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. காலையும் மேடையையும் அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியுமா என்பது அவள் முகத்தில் இருந்தது. நியாயமான சந்தேகம்தான்.

முதல் கேள்வியின் பதிலும் இதிலிருந்து கிடைக்கிறது. பழைய இசைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனை அதையே கேட்டுக்கொண்டிருப்பதால் அடைக்க முடியாது. அது எனக்குச் செய்ததை மறைக்காமல் இருந்தால் போதும். இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவள் நான் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது அதிகம் கேட்பதில்லை என்று சொல்லவும் கூச்சமில்லை.

*

2024 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சிறுமிகள் மூவர் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார்கள். கொரியாவுக்குப் போய் பிடிஎஸ் இசைக்குழுவைப் பார்ப்பது அவர்கள் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் சிரிப்பு நிற்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தனியாகப் போனால் என்னென்ன நேரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் இருந்தது பயம் இல்லை. நடிகரின் முதல் காட்சிக்கு நள்ளிரவில் பால் குடத்தோடு போகிறவனை ரசிகன் என்போம். இந்தப் பெண்களைப் பைத்தியம் என்றோம்.

"ரெண்டு வருஷத்துல தானா மாறிடும்" என்றார் ஒருவர். மாறலாம். மாறப்போகிற ஒன்று என்பதால் இப்போது அதற்கு மதிப்பில்லை என்றாகுமா? நமக்குப் பிடித்தவை எல்லாமே மாறியிருக்கின்றன. ஏழு ஆண்கள் அழுவதும், பயப்படுவதும், தங்களைத் தாங்களே நேசிக்க வேண்டும் என்று பாடுவதும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்று நாம் கேட்டிருக்கலாம். சிரிப்பது சுலபமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளின் கையில் இன்று செல்போன் இருக்கிறது. திருகு கைக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று ஒரு நிறுவனத்தின் கணக்கு முடிவுசெய்கிறது. நேற்றுக் கேட்டதைப் போன்றதையே இன்றும் கொடுத்து, மாறவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மதிப்பெண் குறைந்தால் அப்பா போனைப் பிடுங்கி உயரமான இடத்தில் வைக்கிறார், பழைய ரேடியோ இருந்த உயரத்தில்.

ரசனை மாறுவதைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, மாறாதவர்கள் பற்றியும் யோசிக்கிறேன். சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். உங்களுக்குப் பிடித்த பாடகர்கள் யார், எந்த வயதில் எப்படி மாறினார்கள் என்று எழுதுங்கள். பிறகு அதே கேள்வியை உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள் என்றேன். மாணவியர் தங்களைப் பற்றி இரண்டு பக்கம், மூன்று பக்கம் எழுதி வந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி. 'அவங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.' 'அப்பா வைக்கிற பாட்டுதான் கேப்பாங்க.' 'சாமி பாட்டு.' மாறுவதற்கே முதலில் ஒன்று நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் காகிதங்கள்தான் எனக்குச் சொன்னன.

பீடி சுற்றும் குடும்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் இரண்டு நாள் கழித்துத் தந்தாள். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கேட்டதும் முதலில் சிரித்தாராம். கல்யாணத்துக்கு முன்னால் சுசீலா என்று சொன்னாராம். அதற்குப் பிறகு என்று கேட்டதற்கு, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, வேலை இருந்தது என்றாராம். இப்போது யார் பிடிக்கும் என்று மகள் விடாமல் கேட்டிருக்கிறாள். முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அவர் சொன்ன பதிலை மாணவி அப்படியே எழுதியிருந்தாள்: "ரெண்டு நாள் டைம் குடு. யோசிச்சுச் சொல்றேன்."